ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில்

2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணி தாண்டியிருந்தது. கனடா வந்து எட்டு மாதம். டொரன்டோவின் ஸ்காபரோவில் பதினாலாம் மாடியில் குடியிருந்தோம். (அந்தக் கட்டடத்தில் 13 என்ற எண்ணே கிடையாது. எண்ணிப் பார்த்தால் நாங்கள் இருந்தது பதின்மூன்றில்தான்.) நாலு லீற்றர் பால் பையோடு லிஃப்டில் ஏறினேன். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாவும் ஏறினார். ஆறாம் மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல். பெரிய விளக்கு அணைந்து, மூலையில் சின்னதாக ஒன்று மட்டும் எரிந்தது.

ஒரு மணி ஐம்பது நிமிடம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, ஆங்கிலம் இருவருக்கும் அரைகுறை. கையிலிருந்த விளம்பரத் தாளை மடித்து முதலில் தனக்கு விசிறினார், அப்புறம் எனக்கு. நான் பால் பையைக் கழுத்தில் ஒற்றிக்கொண்டு, கயிறு அறுந்தால் ஆறு மாடி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கதவை நெம்பித் திறந்து எங்களை இறக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலுமாக ஏறக்குறைய 5 கோடிப் பேருக்குக் கரண்ட் இல்லை. ஒஹாயோவில் மின்கம்பி மரத்தில் பட்டதில் தொடங்கியதாம். எச்சரிக்க வேண்டிய கணினியும் பேசாமல் இருந்துவிட்டதாம். அன்றிரவு டொரன்டோவில் நட்சத்திரம் பார்க்கச் சனம் தெருவில் நின்றது. நான் படியேறின களைப்பில் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை லிஃப்டில் ஏறி, உடனே இறங்கி ஓடினேன். அதோடு லிஃப்ட் பக்கமே போகவில்லை. உடுப்புத் தோய்க்கும் அறை நிலவறையில். கூடையோடு இறங்கி ஏறி முழங்கால் தேய்ந்தது. நகரத்துக்குள் இருபத்திரண்டாம் மாடியில் ஒரு மாலை வேலை கிடைத்தது. நேரம் சரிவராது என்று பொய் சொல்லி விட்டுவிட்டேன்.

மச்சான் சிரித்தான். "செல்லடிக்குத் தப்பி வந்தவர் லிஃப்டுக்குப் பயப்பிடுறார்!" உண்மைதான், 1990க்குப் பிறகு போரால் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. குப்பி விளக்கில் படித்தவன் நான். ஆனால் செல் விழும்போது பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் நாங்களே ஓடி இறங்குவோம், நாங்களே ஏறி வருவோம். லிஃப்டில் கதவு என் கையில் இல்லை.

மனைவி வேறு மாதிரிச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, எப்பவோ ஒருக்கா நடக்கிறதுக்கு ஒவ்வொரு நாளும் படியேறுவியளோ?" அதுவும் உதவவில்லை. அபூர்வமாகத்தான் நடக்கும் என்பது தங்களுக்கு அது நடக்காதவர்களுக்கு ஆறுதல். எனக்குத்தான் நடந்துவிட்டதே.

தை மாதம் லிஃப்ட் திருத்த வந்த ஒரு மெக்கானிக்கிடம், படியில் மூச்சு வாங்க நின்றபோது பேச்சுக் கொடுத்தேன். கயிறு ஒன்றல்ல, பல. அதைவிட முக்கியமாக, லிஃப்டின் பிரேக்கைப் பிடிக்க வைப்பது ஸ்பிரிங். விடுவிக்கத்தான் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பிரேக் தானாக இறுக்கிக்கொள்ளும். அந்தப் பெட்டி முழுதாக அடைத்ததும் அல்ல, காற்று வரும் என்றார். என்னைக் கொல்லப் பார்த்தது என்று நான் நினைத்த அந்தக் குலுக்கல், என்னைப் பிடித்து நிறுத்திய குலுக்கல்!

இதைக் கேட்டதும் பயம் பறந்துவிட்டது என்று எழுத ஆசைதான். மூளைக்குப் புரிந்தது, கால் கேட்கவில்லை. அடுத்த நாள் தரைத்தளத்திலிருந்து ஒரே ஒரு மாடி போனேன். கதவு மூடியதும் உள்ளங்கை ஈரம். இறங்கி ஓடியிருந்தால் பயம் இன்னும் கூடியிருக்கும், அது அதற்கு முன் இரண்டு தடவை செய்து பார்த்தது. அதனால் இறங்காமல் அதே லிஃப்டில் கீழே வந்தேன், திரும்ப மேலே போனேன், நெஞ்சு படபடப்பு அடங்கும்வரை. ஏறியவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஒரு கிழமைக்கு ஒரு மாடி, பிறகு மூன்று, பிறகு ஐந்து. ஆறைத் தாண்ட மட்டும் கிழமைக்கணக்காக முடியவில்லை.

பனி கரையத் தொடங்கிய ஒரு நாள் ஐந்தாம் மாடிக்குப் போக ஏறினேன். சீனத்து அம்மா உள்ளே இருந்தார். என்னைக் கேட்காமலே பதினாலை அமர்த்தினார். நான் ஐந்தை அமர்த்தவில்லை. ஆறு வந்தது. இருவரும் எண்ணையே பார்த்தோம். ஏழு வந்ததும் அவர் கைப்பையிலிருந்து விளம்பரத் தாளை எடுத்து எனக்கு விசிறினார்.