கம்பளிக் கணக்கு

டிசம்பர் 29
இவருக்கு மாற்றல் உத்தரவு இன்றும் வரவில்லை.

டிசம்பர் 30
நடைபாதையில் குளிரில் கிடப்பவர்களுக்குக் கம்பளி வாங்க, விடிவதற்கு முன்பே மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டின் கீழே உண்டியலோடு நிற்கிறார்கள், மகளும் அவள் தோழிகளும். டெல்லி ஆர்.கே.புரம் தமிழர்களை மொத்தமாகப் பிடிக்க மார்கழியை விட்டால் வழியில்லையாம். மப்ளர் கட்டிய மாமா ஒருவர் பத்து ரூபாய் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் அறிவுரை சொன்னார்.

ஜனவரி 1
சில்லறைதான் விழுகிறது, கியூஆர் கோடு வேண்டும் என்றாள். 'அப்பா கணக்கு' என்றதும் இவர் செய்தித்தாளை மடித்துவிட்டார். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, விதி 12: முன் அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவதில் ஊழியர் சம்பந்தப்படக் கூடாது. என் பிறந்தநாள் நினைவிருக்காது, விதி எண் நினைவிருக்கிறது. ஆகவே என் கணக்கு.

ஜனவரி 3
கைபேசி சிணுங்கிக்கொண்டே இருக்கிறது. 51, 101, 501. ஒருவர் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துவிட்டு ஆயிரம் அனுப்பினார். மதியம் வழக்கம்போலப் பால்காரருக்கு அதே கணக்கிலிருந்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு உட்கார முடியவில்லை. போனது என் பணமா, கம்பளிப் பணமா? பழைய டைரியில் கோடு போட்டு இரண்டு பத்தி எழுதினேன். கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். மாலையில் மாடிவீட்டு அம்மாள் 'எவ்வளவு சேர்ந்தது?' என்றார். சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். இனி இது தீரும்வரை பால், காய்கறி எல்லாம் ரொக்கம்.

ஜனவரி 4
மாற்றல் ஊர் சென்னை என்கிறார் ஒருவர், கௌஹாத்தி என்கிறார் இன்னொருவர். பதினொன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பள்ளி மாற்ற சிபிஎஸ்இ அனுமதி வேண்டும். இவர் கோப்பைப் பார்க்கிறார், என்னைப் பார்ப்பதில்லை.

ஜனவரி 7
சதர் பஜார். எல்லாம் பானிபட் சரக்கு. வெளிநாட்டார் கழித்த ஸ்வெட்டர்களைக் கிழித்து நூலாக்கி நெய்கிறார்கள். தொட்டால் கையில் நார் ஒட்டுகிறது, ஆனால் சூடு நிற்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். ஒரு கம்பளி 220 சொன்னதை மகள் 185-க்கு இறக்கினாள்; அந்த இந்தி எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. பில் கட்டாயம் வேண்டும் என்றேன். 'தானத்துக்குக்கூடவா, சகோதரி?' என்று சிரித்தார். தானத்துக்குத்தான் முதலில் வேண்டும்.

ஜனவரி 9
எய்ம்ஸ் மருத்துவமனை எதிரே நடைபாதை. கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டும், முகம் தெரிய வேண்டும் என்று கூட வந்த ஆசிரியை. வாங்கிய பெண் முக்காட்டை இழுத்துக்கொண்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வாயைத் திறக்கவில்லை, பிள்ளைகளின் மதிப்பெண் அவர் கையில். பீகார் தர்பங்காவிலிருந்து வந்த ஒரு பாட்டி கம்பளி வேண்டாம், ஏற்கெனவே இரண்டு கிடைத்துவிட்டது என்றார். 'பேரனை உள்ளே கூட்டிப்போக வேண்டும். மூட்டையைப் பார்த்துக்கொள்வாயா?' இரண்டு மணிவரை மகள் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும்தான். கால் விறைத்துவிட்டது.

ஜனவரி 10
இன்றும் மூட்டைக் காவலுக்குப் போயிருக்கிறாள். வேதியியல் புத்தகம் கையில் இருந்ததாம்.

ஜனவரி 12
மீதி 1,340. வசூலை நிறுத்தியாகிவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அதற்குக் கட்டைவிரல் காட்டிவிட்டு இருவர் பணம் அனுப்பியிருக்கிறார்கள். மீதியில் கைபேசிக்கு மின்னேற்றும் பெட்டிகள் வாங்கி அங்கே வைக்கலாம் என்பது பிள்ளைகளின் புதுத் திட்டம். யார் பாதுகாப்பது என்று கேட்டேன். என்னைப் பார்த்தார்கள்.

ஜனவரி 13
போகி. பரணைக் காலி செய்தேன். எரிக்கவில்லை, இந்தக் காற்றில் அது ஒன்றுதான் பாக்கி. பாதி கட்டிவைத்தேன், உத்தரவு எந்த ஊருக்கு வந்தாலும் உதவும்.

ஜனவரி 15
வந்துவிட்டது. கௌஹாத்தி. இவர் மட்டும் முதலில் போகிறார். நாங்களும் மார்ச்சில் கிளம்ப நேர்ந்தால் மீதிப் பணத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டால், 'கணக்கு உன்னோடுதானே வரும், அம்மா' என்கிறாள்.