‘சுயவிருப்பில் விலகுகிறேன்’ என்ற அந்த வரி

தோட்டத்தில் ஆட்குறைப்பு என்று பேச்சு கிளம்பினால், அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டுவார்கள். கண் நேரே தொகைக்குத்தான் போகும். அதற்கு முன் “எனது சுயவிருப்பின் பேரில் விலகுகிறேன்” என்ற வரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அந்த வரிக்காகத்தான் காசு தருகிறார்கள்.

இலங்கையில் வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். அங்கே 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த இரண்டே வழி: தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. அனுமதி கேட்டால் விசாரணை வரும், நட்டஈடு வரும். உங்கள் கையெழுத்து கிடைத்துவிட்டால் இரண்டும் வராது.

அதன் பெறுமதியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மாதச் சம்பளம் 40,000 ரூபா, சேவை 22 வருடம். ஆணையாளர் பயன்படுத்தும் சூத்திரத்தில் முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை இரண்டு மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை, அதற்கு மேல் 24 வரை ஒன்று. கூட்டினால் 41 மாதம், அதாவது 1,640,000 ரூபா. (உச்சவரம்பு 25 இலட்சம்.) சேவைக்காலப் பணம் (வேலை செய்த வருடங்களுக்காக விலகும்போது கிடைப்பது) இதில் சேராது. அது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 22 வருடத்துக்கு 440,000. “எல்லாம் சேர்த்துப் பத்து இலட்சம்” என்று தாளில் இருந்தால் பாதி கூட வரவில்லை.

நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நாளுக்கு 1,350 என்றால் வருடத்துக்கு 18,900, 22 வருடத்துக்கு 415,800. ஐந்து வருடம் முடித்திருந்தால் 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பிந்தினால் 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். மோசடி, சொத்துச் சேதம் போன்ற காரணத்துக்கு மட்டுமே, அதுவும் நட்டத்தின் அளவுக்குத்தான், அதில் கை வைக்கலாம்.

ஊழியர் சேமலாப நிதி (சம்பளத்தில் உங்களிடம் பிடித்த 8 வீதம், அவர்கள் போட்ட 12 வீதம்), அவர்கள் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் இரண்டும் ஏற்கெனவே உங்கள் பணம். அவற்றையும் தொகைக்குள் சேர்த்து எழுதியிருந்தால் வெட்டச் சொல்லுங்கள். லயக்காம்பராவை (நீங்கள் குடியிருக்கும் தோட்ட வீட்டை) காலி செய்வதாக ஒரு வரி இடையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வேறு விஷயம், இந்தத் தாளில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

தாள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் தமிழில் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாக்களிடம் கைநாட்டு வாங்கும்போது, நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்ல வேண்டும். இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொழிற்சங்கத்திலோ, ஹட்டன், நுவரெலியா, பதுளை தொழில் அலுவலகங்களிலோ காட்டுங்கள். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற பற்றுச்சீட்டில் பணம் கணக்கில் விழுந்த பிறகே கையெழுத்து.

ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள் என்றால், ஆணையாளரிடமோ தொழில் நியாய சபையிலோ (தொழில் பிணக்குகளை விசாரிக்கும் மன்றம்) 6 மாதத்துக்குள் முறையிட வேண்டும். “பேசித் தீர்ப்போம்” என்று துரை (தோட்ட முகாமையாளர்) சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அந்த நாட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒன்று விட்டுப்போகக் கூடாது. செக்ரோலில் (தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில்) ‘லெச்சுமி’, அடையாள அட்டையில் ‘இலட்சுமி’ என்று இருந்தால் சேமலாப நிதி விண்ணப்பம் அங்கேயே சிக்கும். இருவரும் ஒருவரே என்ற கடிதத்தை, வேலையில் இருக்கும்போதே தோட்ட அலுவலகத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.