அரைக் கட்டை இறக்கச் சொன்னால்

எங்கள் இசைக் குழுவுக்கு, பின்னணித் தாளத்தையும் பேஸையும் தானே வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டாக யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 வாங்கலாம் என்று சொன்னது நான்தான். கோர்க் பா700 வேண்டும் என்றவன், என்னோடு இரண்டாவது கீபோர்டு வாசிக்கிற தம்பி. இரண்டையும் ஒத்திகையில் அருகருகே வைத்து வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தோம். ஆனாலும் அன்றைக்கு அவன் கேட்டது இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

“அண்ணே, உங்க கைக்குப் பழகிப்போச்சுங்கிறதுக்காக எல்லாரும் இந்தச் சத்தத்தையே கேக்கணுமா?”

கோபமாகக் கேட்கவில்லை. அவன் பக்கம் நியாயமும் இருந்தது. ஹெட்போனில் மயக்குகிற ஸ்டீரியோ பியானோ, மேடை ஸ்பீக்கரில் மோனோவாக, இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து போனால் மெலிந்துவிடும். அதனால் எந்த கீபோர்டையும் மிக்சர் பக்கம் நின்று கேட்டால்தான் நான் நம்புவேன். அன்றும் அங்கே போய் நின்றேன். பா700இன் டிரம்ஸும் பேஸும் பாடகரின் குரலை அமுக்காமல், அதற்கு அடியில் அழகாக உட்கார்ந்தன. எடையிலும் அதுதான் சௌகரியம்: அது 10 கிலோவுக்குள், எஸ்எக்ஸ்900 11.5 கிலோ. மற்றபடி இரண்டிலும் 61 கீ, 7 அங்குலத் தொடுதிரை, 128 பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை). காதை மட்டும் கேட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

ஆனால் மேடையில் எனக்குப் பயம் சத்தத்தைப் பற்றி இல்லை. பாடகருக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கச் சொல்லி ஜாடை காட்டுகிறார். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸில் இறக்கிவிடுகிறோம். அடுத்து இடையிசைக்குப் புல்லாங்குழல் வேண்டும், ஒரு பாட்டுக்கான அமைப்புகளை மொத்தமாகப் பதிந்து வைக்கிற ரெஜிஸ்ட்ரேஷன் பட்டனை அழுத்துகிறோம். அதில் பதிந்து வைத்த பழைய டிரான்ஸ்போஸும் கூடவே வந்துவிட்டால், பாட்டின் நடுவில் சுருதி தாவிவிடும். பாடகர் திரும்பி நம்மைப் பார்ப்பார். யமஹாவில் ஃப்ரீஸ் போட்டு, டிரான்ஸ்போஸை மட்டும் மாறாமல் நிறுத்தி, அதைத் தடுக்கலாம். கோர்க்கிலும் டிரான்ஸ்போஸைப் பூட்டி வைக்க முடியும், அதைத் தம்பியே எனக்குச் செய்து காட்டினான். ஆகவே அந்தக் கருவியில் குறை ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நொடியில் என் விரல் தேடாமல் சரியான இடத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

இதெல்லாம் வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய பிஎஸ்ஆரில் வருஷக்கணக்கில் சேர்த்த ஸ்டைல்கள், அதாவது பின்னணித் தாள வடிவங்கள், எஸ்எக்ஸில் ஏறிவிடும், வாய்ஸ்களை (கருவி ஒலிகளை) ஒருமுறை சரிபார்த்தால் போதும். கோர்க்குக்கு மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறது, ஆனால் டிரம் கிட்டிலிருந்து பேஸ் நடை வரை கையால் திருத்த வேண்டியிருக்கும். ரெஜிஸ்ட்ரேஷன்களையோ முதலிலிருந்து போட வேண்டும். அப்புறம், எஸ்எக்ஸ்900இல் சப் அவுட் என்ற கூடுதல் ஒலி வெளியீடு தனியாக இருக்கிறது. ரிதத்தை அதில் அனுப்பிவிட்டால் சவுண்ட் என்ஜினியர் அதை மட்டும் தனியாகக் குறைக்கலாம், கூட்டலாம். பா700இல் இடம், வலம் என்று இரண்டு வெளியீடுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே என் முடிவு சரி என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவனுக்கு நான் சொன்ன பதில் வேறு. “மேடையில கைதானேடா வாசிக்கணும்?” என்றேன். “சரிண்ணே” என்று அடாப்டர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

பதில் பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டதற்கு அது பதில்தானா? கிடார் வாசிப்பவர் தனக்குப் பிடித்த கிடாரை எடுத்துக்கொண்டால் அது அவரோடு போயிற்று. அரேஞ்சர் அப்படியில்லை. ரிதம், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் அந்த ஒன்றிலிருந்தே வருகிறது. அதைத் தேர்ந்தெடுப்பவர் மொத்தக் குழுவின் சத்தத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறார். தம்பி மற்றவர்கள் சார்பில் ஒரு கேள்வி கேட்டான், நான் என் கையை மட்டும் வைத்துப் பதில் சொன்னேன். அதே நேரம், சுருதி தாவினால் மொத்தக் குழுவும்தானே மாட்டிக்கொள்ளும்? நல்ல பேஸ் சத்தம் அப்போது யாரைக் காப்பாற்றும்? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது.

அவன் மனதில் எதையும் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 2024இல் எங்கள் கீபோர்டின் அடுத்த மாடலான எஸ்எக்ஸ்920 வந்தபோது “அண்ணே, பாத்தீங்களா?” என்று அவன்தான் முதலில் வந்து காட்டினான். நாங்கள் எடுத்த கீபோர்டும் இதுவரை மேடையில் என்னைக் கைவிட்டதில்லை. அதனால் என் முடிவு சரி என்று ஆகிவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை. கோர்க் எடுத்திருந்தால் சில மாதத்தில் என் கை அதற்கும் பழகியிருக்கலாம்.

ஒன்று மட்டும் நிச்சயம். அன்றைக்கு முதல் கீபோர்டில் உட்காரப் போவது அவனாக இருந்திருந்தால், பா700ஐத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.