பாக்கெட்டை விடுவிக்க வேண்டியவர் யார்? ஒரு கர்னல் நினைவகக் கசிவைத் தேடிய கதை

ஒரு பயனர் நிரல் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் கசியவிட்டால், அந்த நிரலை நிறுத்திய கணமே இயக்க முறைமையின் மையமான கர்னல் அதன் நினைவகப் பக்கங்கள் அனைத்தையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கர்னலே கசியவிட்டால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அதற்கு மேல் யாரும் இல்லை. அந்த நினைவகம் வட்டில் உள்ள ஸ்வாப் பகுதிக்கும் போகாது. எந்த நிரலின் கணக்கிலும் வராது. இயந்திரத்தை மறுபடி பூட் செய்யும் வரை போனது போனதுதான். லினக்ஸ் கர்னலில் இத்தகைய கசிவு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்த வழியை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதில் நான் கற்றுக்கொண்ட ஒன்று, கருவிகளின் கையேடுகளில் போதிய அழுத்தத்தோடு சொல்லப்படுவதில்லை என்று நினைக்கிறேன்: நினைவகம் எங்கே ஒதுக்கப்பட்டது என்பதைக் கருவிகள் எளிதில் காட்டிவிடும், யார் அதை விடுவித்திருக்க வேண்டும் என்பதை நாம்தான் படித்து அறிய வேண்டும்.

என் குழுவின் பொறுப்பில் இருந்தவை லினக்ஸில் இயங்கும் கேட்வே கருவிகள். உள் வலையமைப்பிலிருந்து வரும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுப் பொட்டலங்களை, முகவரி மாற்றி வெளியே அனுப்புவதே அவற்றின் வேலை. உள்பக்க நெட்வொர்க் அட்டையை இயக்கும் நிரலான டிரைவர் அதிகாரப்பூர்வக் கர்னலிலேயே இருப்பது. வெளிப்பக்க அட்டையின் டிரைவர் அதன் தயாரிப்பாளர் தனியாகக் கொடுத்தது. வாரக்கணக்கில் சீராக ஓடிய கருவிகளில் திடீரென நினைவகம் தீர்ந்து, கர்னல் கண்ணில் பட்ட நிரல்களையெல்லாம் கொல்லத் தொடங்கும். இரவில் தானாக மறுபூட் செய்யும் ஏற்பாடு ஒன்று பரிகாரமாக முன்பே சில கருவிகளில் நடைமுறையில் இருந்தது. அந்தப் பரிகாரத்தை நான் வெறுக்கிறேன். பிழையின் தடயங்களை ஒவ்வொரு இரவும் துடைத்துவிடும் வேலையைத்தான் அது செய்கிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது கசிவுதானா என்பது. காலியாக உள்ள நினைவகம் குறைவதால் மட்டும் கசிவு என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் சும்மா கிடக்கும் இடத்தைக் கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்வது லினக்ஸின் இயல்பு. நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில், காலியிடத்தை மட்டும் சொல்லும் மெம்ஃப்ரீ என்ற வரியைவிட, தேவைப்பட்டால் கிடைக்கக்கூடியதைச் சொல்லும் மெம்அவைலபிள் என்ற வரியே நம்பத் தகுந்தது. கோப்புப் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் டென்ட்ரி பொருள்கள் கோடிக்கணக்கில் பெருகி நிற்பதைக் கசிவென்று எண்ணி அலைந்தவர்கள் உண்டு. டிராப்_கேஷஸ் கோப்பில் 2 என்று எழுதினால் அவை உதிர்ந்துவிடும். எங்கள் கருவியில் அப்படி எழுதிய பிறகும் மெம்அவைலபிள் ஏறவில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளை வரைபடமாக்கியபோது கோடு கீழ்நோக்கியே சென்றது; போக்குவரத்து மிகுந்த நாள்களில் அதன் சரிவு கூடுதலாக இருந்தது.

அடுத்தது கணக்குக் கூட்டல். பயனர் நிரல்களின் பக்கங்கள், கோப்புத் தற்காலிகச் சேமிப்பு, ஸ்லாப் (கர்னல் தன் சிறு பொருள்களை வைக்கும் இடம்), பக்க அட்டவணைகள், கர்னல் ஸ்டாக், வீமாலாக் (கர்னலின் மற்றொரு ஒதுக்கீட்டு முறை), காலியிடம் ஆகிய அனைத்தையும் கூட்டினால் மொத்த நினைவகத்துக்கு ஏறத்தாழ ஈடாக வர வேண்டும். எங்களுக்கு வரவில்லை, இடைவெளி நாளுக்கு நாள் விரிந்துகொண்டிருந்தது. இதற்குப் பொருள் உண்டு. பக்க ஒதுக்கியிடமிருந்து கர்னலின் ஏதோ ஒரு பகுதி நேரடியாக வாங்கிக்கொள்ளும் பக்கங்கள் மெம்இன்ஃபோவின் எந்த வரியிலும் சேர்வதில்லை. ஆகவே, கசிவின் பெரும்பகுதி ஸ்லாபுக்கு வெளியே, பெயரில்லாத பக்கங்களில் இருந்தது. மீட்க முடியாத ஸ்லாபும் வளர்ந்தது. ஆனால் இடைவெளியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய பங்கு.

அந்தச் சிறிய பங்குதான் வழிகாட்டியது. ஸ்லாபை நிர்வகிக்கும் ஸ்லப் ஒதுக்கி ஒத்த அளவுள்ள தொகுப்புகளை ஒன்றாக இணைத்துவிடக்கூடும் என்பதால், பெயர்களை நம்புவதற்காக ஸ்லாப்_நோமெர்ஜ் அளவுருவோடு பூட் செய்து தொகுப்புகளின் அளவைக் காட்டும் ஸ்லாப்டாப்பைக் கவனித்தேன். இரண்டு தொகுப்புகள் சேர்ந்தே வளர்ந்தன. ஒன்று எஸ்கேபஃப் தலைப்புகளுக்கானது. கர்னலுக்குள் ஒவ்வொரு பாக்கெட்டையும் சுமக்கும் அமைப்பு அதுதான். மற்றொன்று கன்டிராக் எனப்படும் இணைப்புத் தடமறிதலுக்கானது. இதைவிடத் தெளிவான தடயம் ஒன்றும் இருந்தது. கன்டிராக் எண்ணிக்கை காட்டும் கோப்பில் இணைப்புகள் ஏறிக்கொண்டே போயின. ஆனால் இணைப்புகளைப் பட்டியலிட்டால் சொற்பமானவையே வந்தன. காலாவதியான இணைப்பு அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டுவிடும், ஆனால் அதைக் கடைசியாகப் பற்றியிருப்பவர் விடும் வரை எண்ணிக்கையிலிருந்து கழிக்கப்படாது. அப்படியானால் அட்டவணையில் இல்லாத இணைப்புகளை யாரோ இன்னும் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். கன்டிராக் இணைப்பைப் பற்றிக்கொள்ளும் வழக்கமுள்ள பொருள் பாக்கெட்டு. இரு தொகுப்புகளும் ஒரே கதையைத்தான் சொன்னன: பாக்கெட்டுகள் விடுவிக்கப்படாமல் கிடக்கின்றன, அவை தம்மோடு இணைப்புகளையும் பிடித்து வைத்திருக்கின்றன.

பெயரில்லாத பக்கங்களின் மர்மமும் இதனாலேயே தீர்ந்தது. எஸ்கேபஃப் தலைப்பு 64 பிட் இயந்திரங்களில் ஸ்லாபில் 256 பைட் இடத்தை எடுக்கும். பாக்கெட்டின் தரவோ பெரும்பாலும் ஸ்லாபில் இல்லை. பெறும் டிரைவர்கள் 32 கிலோபைட் துண்டு ஒன்றை வாங்கி, அதிலிருந்து பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று வெட்டிக் கொடுக்கின்றன. முழு அளவு ஈதர்நெட் சட்டகத்துக்கு ஏறத்தாழ 2 கிலோபைட் போகும் என்பதால் ஒரு துண்டில் சுமார் 16 பாக்கெட்டுகள் அமரும். அவற்றுள் கடைசிப் பாக்கெட்டும் விடுவிக்கப்பட்ட பிறகே துண்டு திரும்பிச் செல்லும். ஆகவே, ஒரே ஒரு பாக்கெட் மறக்கப்பட்டாலும் 32 கிலோபைட்டும் சிறைப்பட்டுவிடும். ஸ்லாபில் 256 பைட்டாகத் தெரிந்தது, உண்மையில் அதைப்போல் 128 மடங்கு வரை நினைவகத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. நினைவகக் கணக்கில் ஒரு வரி சிறிதாக இருக்கிறது என்பதற்காக அதைப் புறக்கணித்திருந்தால் இந்தத் தேடல் எங்கும் போயிருக்காது.

ஆய்வகத்தில் கேமெம்லீக் சேர்த்த கர்னலை ஓட்டினேன். கேட்டலின் மரினாஸ் எழுதிய இந்தக் கருவி 2009-இல் 2.6.31 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு பொருளையும் குறித்து வைத்துக்கொண்டு, கர்னலின் தரவுப் பகுதிகளையும் ஸ்டாக்குகளையும் சொல் சொல்லாக அலசி, எந்தப் பொருளின் முகவரியைக் காட்டும் சுட்டி எதுவும் இல்லையோ அதைக் கசிவெனச் சந்தேகிக்கிறது. தானாகவே 10 நிமிடங்களுக்கு ஒரு முறை அலசும். நாம் விரும்பும் நேரத்திலும் அலசச் சொல்லலாம். முன்னதாகப் பட்டியலைத் துடைத்துவிட்டு, சோதனையை நடத்தி, பிறகு அலசினால் பூட் நேரத்துக் குப்பைகள் குறுக்கிடா. சுட்டியைப் போலத் தோற்றமளிக்கும் தற்செயலான எண் ஒன்று உண்மையான கசிவை மறைத்துவிடலாம் என்பதையும், பக்க ஒதுக்கியிடமிருந்து நேரடியாக வாங்கிய பக்கங்களை அது பின்தொடர்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. எங்கள் வழக்கில் தலைப்புகள் ஸ்லாபில் இருந்ததால் அகப்பட்டன.

அறிக்கையில் பக்கம் பக்கமாக ஒரே அழைப்புத் தொடர் வந்தது, அது உள்பக்க அட்டையின் டிரைவர் பாக்கெட்டைப் பெறும் இடத்தைக் காட்டியது. குழுவில் சிலர் குற்றவாளி அகப்பட்டுவிட்டதாகவே எண்ணினார்கள். ஆனால் அந்தத் தொடர் காட்டியது பாக்கெட் உருவான இடத்தை மட்டுமே. பெறும் டிரைவர் பாக்கெட்டை மேலடுக்கிடம் கொடுத்த கணத்திலேயே அதன் மீதான பொறுப்பு கைமாறிவிடுகிறது. அதன்பின் அது முகவரி மாற்றம், வழித்தேர்வு, வரிசை ஆகியவற்றைக் கடந்து வெளிப்பக்க டிரைவரின் கையில் முடிகிறது. இவர்களுள் யார் மறந்திருந்தாலும் கேமெம்லீக்கின் அறிக்கை எழுத்துப் பிசகாமல் இதேபோலத்தான் இருக்கும்.

ஆகவே, பாக்கெட்டின் இறுதிப் பயணத்தைத் தடமறிய வேண்டியிருந்தது. அனுப்பும் டிரைவரிடம் பாக்கெட் ஒப்படைக்கப்படும்போதும், டிரைவர் விடைமதிப்போடு திரும்பும்போதும், பாக்கெட் விடுவிக்கப்படும்போதும் கர்னலில் நிகழ்வைக் கவனிக்க உதவும் தடப்புள்ளிகள் உள்ளன. பிபிஎஃப்டிரேஸ் என்ற தடமறியும் கருவியில் ஒரு சிறு நிரல் எழுதி, ஒப்படைக்கப்பட்ட பாக்கெட்டின் முகவரியைக் குறித்து, விடுவிக்கப்பட்டதும் அதை அழித்து, சில நிமிடங்களுக்குப் பின்னும் அழியாமல் எஞ்சியவற்றைப் பார்த்தேன். எஞ்சியவை அனைத்தும் வெளிப்பக்க அட்டைக்குச் சென்றவை, அனைத்துக்கும் டிரைவர் சொன்ன விடை ‘சரி’ என்பதே. இதோடு அந்த அட்டையின் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டபோது, எஞ்சியவற்றின் எண்ணிக்கையும் அதுவும் இணையாகவே ஏறின.

அனுப்பும் செயற்கூறின் விடைமதிப்புக்குக் கர்னலின் வலையமைப்பு ஆவணம் தெளிவான பொருளைத் தருகிறது. ‘சரி’ என்றால் டிரைவர் பாக்கெட்டை ஏற்றுக்கொண்டது என்று பொருள். அனுப்பினாலும் கைவிட்டாலும் விடுவிப்பது அதன் கடமை. ‘வேலையாக இருக்கிறேன்’ என்றால் பாக்கெட் மேலடுக்கிடமே இருக்கிறது. டிரைவர் அதைத் தொடக் கூடாது. டிரைவரின் மூல நிரலில் அனுப்பும் செயற்கூறு நீளமானது அல்ல. நினைவகத்தை அட்டைக்கு எட்டும்படி அமைக்கும் டிஎம்ஏ படி தோற்றால், கைவிட்டவற்றின் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, ‘சரி’ என்று திரும்பியது. விடுவிக்கும் அழைப்பு அங்கே இல்லை.

அந்தப் படி ஏன் தோற்றது என்பதும் தெரிந்தது. வெளிப்பக்க அட்டையால் நினைவகத்தின் கீழ்ப்பகுதியை மட்டுமே அணுக முடியும். மேலே உள்ள பாக்கெட்டுகளை ஸ்விஓடிஎல்பி என்ற இடைநிலைப் பகுதிக்கு நகலெடுத்தே அனுப்ப வேண்டும். அந்தப் பகுதியின் இயல்பான அளவு 64 மெகாபைட். நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காக பூட் அளவுருவில் அதை மிகவும் சுருக்கியிருந்தார்கள். போக்குவரத்து பொங்கும் நொடிகளில் அது நிரம்பியது. நிரம்பியதாகச் சொல்லும் எச்சரிக்கைகள் கர்னல் பதிவில் இருந்தன. அவை வேகக் குறைவு பற்றிய வேறொரு புகாரில் தனியே பதிவாகியிருந்தன. ஆய்வகத்தில் அந்தப் பகுதியை மேலும் சுருக்கிப் போக்குவரத்தைக் கூட்டியபோது, வாரக்கணக்கில் நிகழ்ந்த கசிவு நிமிடங்களில் நிகழ்ந்தது. விடுவிக்கும் அழைப்பைச் சேர்த்த பின் அதே சோதனையில் பாக்கெட்டுகள் முன்போலவே கைவிடப்பட்டன; நினைவகம் நிலையாக நின்றது; கன்டிராக் எண்ணிக்கையும் பட்டியலும் ஒத்துப்போயின.

இன்றைய கர்னலில் இந்தத் தேடலின் முற்பகுதி எளிதாகியிருக்கிறது. 2024-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து, அதற்கான அமைப்பை இயக்கினால் ஒவ்வொரு நிரல்வரியும் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்பதை அலாக்இன்ஃபோ என்ற கோப்பு காட்டுகிறது; பக்க ஒதுக்கியிடம் நேரடியாக வாங்கியவையும் அதில் அடங்கும் என்பதால் எங்கள் பெயரில்லாத பக்கங்கள் முதல் நாளே பெயர் பெற்றிருக்கும். ஆனால் அதுவும் ஒதுக்கிய இடத்தையே காட்டுகிறது. விடுவிக்கும் பக்கத்திலிருந்து பிரச்சினையை அணுகும் கருவி என்று எரிக் டூமாசேயின் ரெஃப்டிராக்கரைச் சொல்வேன். 2022-இல் 5.17 பதிப்பில் வந்த அது, ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் கொடுத்து, யார் பற்றியது இன்னும் விடப்படவில்லை என்று சொல்கிறது. நெட்வொர்க் சாதனத்தை நீக்கும்போது, அதன் பயன்பாட்டு எண்ணிக்கை பூச்சியமாகும் வரை காத்திருப்பதாகக் கர்னல் ஓயாமல் எழுதும் அந்தப் பழைய செய்தியோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பாக்கெட்டுகளுக்கு அப்படி ஒன்று இல்லை. ஒரு நொடியில் இலட்சக்கணக்கில் வந்துபோகும் பொருளுக்கு அந்தச் சுமை தாங்காது.

திருத்தத்தை டிரைவரின் தயாரிப்பாளருக்கு அனுப்புவதற்கு முன், அதே கேள்வியோடு டிரைவரின் மற்றப் பாதைகளையும் படித்தேன்: இந்த வரியில் பாக்கெட் யாருடைய கையில் இருக்கிறது? அட்டை பதிலளிக்காதபோது அதை மீட்டமைக்கும் பாதையில், அனுப்பும் வளையம் என்ற வரிசையில் காத்திருந்த பாக்கெட்டுகளை விடுவிக்காமலேயே வளையத்தின் குறிகளைப் பூச்சியமாக்கும் இடம் ஒன்று இருந்தது. எங்கள் கருவிகளில் அந்த மீட்டமைப்பு ஒருபோதும் நிகழ்ந்ததாகப் பதிவு இல்லை. அதற்கும் திருத்தம் எழுதி, இரண்டையும் தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் பாக்கெட்டின் பொறுப்பு எந்த வரியில் கைமாறுகிறது என்ற விளக்கத்தோடு அனுப்பினேன்.