மெட்ராஸ் டெரஸ் ஒழுக்கு: மூன்றாவது முயற்சியும் முதல் அடைமழையும்

ஐப்பசி பிறந்த பிறகு வந்த முதல் அடைமழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்று நாளும் கூடத்தில் வாளி வைக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. நான்கு ஆண்டுகளாக ஊஞ்சலுக்கு மேற்கே ஒரு வாளி, அதனருகே ஒரு பழைய ஈயப் பாத்திரம், இரண்டுக்கும் அடியில் சாக்கு என்று மழைக்காலம் கழித்த வீட்டில் இது சிறிய செய்தி அன்று. ஆகவே சற்றுத் தம்பட்டம் அடித்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

வீடு கும்பகோணத்தில் இருக்கிறது. தாத்தா காலத்துக் கட்டடம். தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மூலைவாட்டில் குத்துக்கல்லாக அடுக்கிய சன்னச் செங்கல், அதற்கு மேல் மூன்று அங்குலத்துக்குச் சுண்ணாம்பில் கலந்த செங்கல் ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு எனும் தட்டையான ஓடு என்று அமையும் வழக்கமான மெட்ராஸ் டெரஸ் மாடித் தளம்தான். முதல் முறை ஒழுகியபோது, தட்டோட்டின் மேல் ரப்பர் போலப் படியும் வெள்ளைப் பூச்சு ஒன்றை அடித்தோம். 14,500 ரூபாய் ஆயிற்று. ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்த கோடையில் பாம்புச் சட்டை போல உரிந்தது. இரண்டாவது முறை மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தட்டோட்டின் மேலேயே சிமெண்டுப் பூச்சு போட்டார்கள். அதற்கு 11,000 ரூபாய். அந்தப் பூச்சு ஒழுக்கை நிறுத்தவில்லை என்பதோடு, ஒழுக்கு வரும் இடத்தையும் இரண்டு முழம் நகர்த்திவிட்டது.

இந்த முறை கலவையைத் தொடுவதற்கு முன் நீர் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு வாரம் செலவிட்டேன். மாடியில் களிமண்ணால் வரப்பு கட்டி, வயலில் பாத்தி பிரிப்பதுபோல ஐந்து பாத்திகளாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு பாத்தியில் மட்டும் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தினேன். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே இருந்த பாத்தியில் நாள் முழுவதும் தண்ணீர் நின்றும் கீழே ஈரம்கூடத் தட்டவில்லை. நான்காம் நாள், கைப்பிடிச் சுவரின் அடியை ஒட்டிய பாத்தியை நிரப்பிய இரண்டு மணி நேரத்தில் ஊஞ்சலுக்கு மேலே சொட்டு விழத் தொடங்கியது. நீர் நுழைந்த இடத்துக்கும் சொட்டுக்கும் இடையே ஆறடித் தூரம் இருந்தது. நீர் சுவர் மூலையில் இறங்கி, செங்கல் சந்துகளின் வழியாக உத்திரத்தின் தலைமாட்டுக்கு வந்து, உத்திரத்தின் முதுகிலேயே நடந்து, அது சற்றுத் தாழ்ந்திருந்த இடத்தில் சொட்டியிருக்கிறது.

ரசமட்டத்தை நம்பாமல், தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பிடித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்தச் சிமெண்டுப் பூச்சு, மழைநீர் வெளியேறும் தூம்புவாய்க்கு இரண்டடி முன்னால் அரை அங்குலம் மேடாக முடிந்திருந்தது. தூம்பை நோக்கி ஓட வேண்டிய நீர் அந்த மேட்டில் முட்டிச் சுவர் மூலையில் குளமாக நின்றிருக்கிறது. சுண்ணாம்புத் தளம் வெயிலில் விரிந்து சுருங்கும்; மரக்கட்டையின் மேல் நிற்பதால் சற்று அசையவும் செய்யும். அதன்மேல் ஒட்டிய சிமெண்டு அப்படி வளைந்து கொடுக்காமல் மயிரிழை போல வெடிக்கும். அந்த வெடிப்பில் இறங்கும் நீர் மேலே ஆவியாகத் திரும்ப வழியில்லாமல் உள்ளேயே தங்கும். நான் இப்போது செய்துகொண்டிருப்பது வீட்டைப் பழுது பார்ப்பதன்று, போன முறை செய்த பழுதுபார்ப்பைப் பழுது பார்ப்பது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆனி மாதத்தில் மேற்குச் சுவரை ஒட்டிப் பத்தடி நீளம், நான்கடி அகலத்துக்குத் தளத்தை உடைத்தெடுத்தேன். அதற்கு முன் கூடத்தில் கட்டைகளுக்கு அடியில் முட்டு கொடுத்துவிட்டேன். இதை மறப்பவர்கள் மாடியோடு கூடத்துக்கு வந்து சேரலாம். சிமெண்டு பெயர்ந்தபோது தட்டோடுகளையும் பிய்த்துக்கொண்டு வந்தது. 71 ஓடுகளில் 53 மட்டும் முழுசாகத் தேறின. சுவரின் அடியில் சுண்டுவிரல் பருமனில் ஓர் அரசங்கன்றின் வேர் ஒன்றரை அடி ஓடியிருந்தது; கன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பிடுங்கிவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். உத்திரத்தின் சுவருக்குள் இருந்த நுனியில் திருப்புளியைக் குத்தினால் நான்கு அங்குலம் வரை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. தேக்காக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் ஈரச் சுவருக்குள் தலையை வைத்திருந்தால் அதுவும்தான் என்ன செய்யும்? தச்சரும் மரமும் சேர்ந்து 6,500 ரூபாய். உடைத்த குப்பையை ஏற்றிச் செல்லக் குட்டியானைக்கு 1,800 ரூபாய். எந்த மதிப்பீட்டிலும் குப்பைக்கு ஒரு வரி இருப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டையில் தூளாக வருவதை நான் வாங்குவதில்லை. கடையில் எத்தனை மாதம் கிடந்ததோ, காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பாதி உயிர் போயிருக்கும். கட்டியாக இருக்கும் சுட்ட சுண்ணாம்பில் ஒரு துண்டை எடுத்துக் கடைவாசலிலேயே ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். சீறிக் கொதித்தால் வாங்கலாம், சும்மா மூழ்கினால் திரும்பி வந்துவிடலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் மேல்பூச்சுக்கு அதைப்போல வழுவழுப்பு வேறில்லை. ஆனால் தளத்துக்குக் கல்சுண்ணாம்பே போதும் என்பது என் கருத்து. கிலோ 16 ரூபாய் வீதம் நூறு கிலோ வாங்கினேன்.

அதை நீற்றுவதற்கு, அதாவது தண்ணீரில் கொதித்து அவியவிடுவதற்கு, பிளாஸ்டிக் பீப்பாயைப் பயன்படுத்தியது என் மடமை. தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் கால் மணி நேரத்தில் பீப்பாயின் இடுப்பு பருத்து ஒருபக்கமாகச் சாய்ந்து, இன்னும் இரண்டு கட்டி போட்டிருந்தால் முற்றம் முழுவதும் கொதிக்கும் சுண்ணாம்பாகியிருக்கும். அடுத்த முறைக்கு 700 ரூபாயில் பாதியாக அறுத்த இரும்புப் பீப்பாய் வந்தது. நீற்றிய சுண்ணாம்பைக் கொசுவலையில் வடிகட்டி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரம் ஊறவிட்டேன். சென்ற ஆண்டு பொறுமையில்லாமல் ஐந்தாம் நாளே எடுத்துக் கொல்லைச் சுவரில் பூசிப் பார்த்தபோது, நீறாமல் தங்கிய பொடிக் கட்டிகள் சுவரிலேயே நீறிப் பருத்து, அம்மை போட்டதுபோல் அங்கங்கே பொரிந்து விழுந்தன. அந்தச் சுவரை அடையாளமாக அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

கலவையில் சேர்க்கக் கடுக்காய் வாங்க நாட்டுமருந்துக் கடைக்குப் போய் இரண்டு கிலோ கேட்டதும், வீட்டில் யாருக்கு வயிறு சரியில்லை என்று கடைக்காரர் விசாரித்தார். மருந்துக்குக் கடுக்காய் என்றால் கொட்டையை நீக்க வேண்டும், சுக்குக்குப் புறநஞ்சு கடுக்காய்க்கு அகநஞ்சு என்பார்கள். தளத்துக்கு அந்தப் பத்தியம் இல்லை, கொட்டையோடு இடித்தே ஊறப் போட்டேன். அதனோடு மூன்று கிலோ கறுப்பு வெல்லம் சேர்த்தேன். கடுக்காயின் துவர்ப்புச் சத்து கலவையை இறுக்கும் என்பது வழக்கு. வெல்லம் சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரையச் செய்யும். எறும்புகளுக்கும் அது தெரிந்திருந்தது.

அளவில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. பொதுப்பணித் துறைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு சுண்ணாம்பு என்ற கணக்குத்தான். தட்டினால் கணீரென்று ஒலிக்கும் செங்கல்லாகப் பொறுக்கி, நூறு கல்லை நானே உடைத்து, ஓர் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காய்ந்த ஜல்லியைப் போட்டால் அது சுண்ணாம்பின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். தடுமாறியது ஈரத்தின் பக்குவத்தில்தான். முதல் கலவையை நான் பெருமையோடு கொட்டியபோது, இரண்டு நாள் துணைக்கு வரச் சம்மதித்திருந்த பழைய கொத்தனார் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது புட்டு மாதிரி உதிரணும். நீங்க களி கிண்டி வச்சிருக்கீங்க.” நான் கேட்கவில்லை. பரப்பிக் கட்டையால் தட்டி இறுக்கத் தொடங்கியதும் ஜல்லி கீழே போய்ச் சுண்ணாம்பு பாலாடை போல மேலே மிதந்தது. அத்தனையையும் அள்ளி, ஈர ஜல்லி சேர்த்து, மறுபடியும் கலக்க ஒரு முழு நாள் போயிற்று.

தட்டுவதைப் பற்றி எழுதத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன். கடையில் விற்கும் கட்டைகள் எதற்கும் உதவா. ஒன்று பாரம் இல்லை, அல்லது பிடி நேராக இருந்து விரல் முட்டிகளைத் தளத்தில் தேய்க்கின்றன. புளிய மரத்தில் ஒன்றரை அடி நீளம், மூன்று அங்குல அகலத்தில் அடிப்பக்கம் தட்டையாக இழைத்து, பிடியைச் சற்று மேல்நோக்கி வளைத்துச் செய்துகொண்டேன். குந்தியிருந்து, தோளை அசைக்காமல் மணிக்கட்டாலும் முழங்கையாலும் மட்டும் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் ஜல்லி உடையும், கீழே கூடத்தின் காரையும் பெயரும் (ஊஞ்சல் பலகை அளவு பெயர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்). ஒரு நடை நீளவாட்டில், அடுத்த நடை அகலவாட்டில் என்று மாற்றிக்கொண்டே போகவேண்டும். பழைய தளத்தோடு சேரும் விளிம்பைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாகச் செதுக்கி நனைத்திருந்ததால், அங்கே மட்டும் பழைய தளத்தின் மேலும் அரையடி ஏறித் தட்டினேன்.

எப்போது போதும் என்பதைக் கண்ணைவிடக் காதுதான் நன்றாகச் சொல்கிறது. முதல் நாள் சொதசொதவென்றுதான் கேட்டது. கட்டையை எடுத்த இடத்தில் அதன் அச்சு குழியாக நின்றது. இரண்டாம் நாள் கடுக்காய்த் தண்ணீரைப் பனைநார் மட்டையால் தெளித்துத் தட்டியபோது தொப்புத் தொப்பென்றது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமி, மத்தியானத்தில் கண்ணயர முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு காலை ஏழிலிருந்து பதினொன்று வரை என்று ஒப்பந்தமாயிற்று. ஐந்தாம் நாள் சுவர் ஓரம் தவிர மற்ற இடமெல்லாம் டக்டக்கென்று கேட்டது. ஏழாம் நாள் காலை, கட்டை அச்சுப் பதிக்காமல் தானாகவே எகிறித் திரும்பி, ஒலியும் கணகணவென்று மாறியது. சுவர் ஓரத்தில் மட்டும் இன்னும் மந்தமாகக் கேட்டதால் அங்கே மேலும் ஒன்றரை நாள் சின்னக் கட்டையால் தட்டினேன். நீர் இறங்கிய இடமே அதுதான் என்பதால், தளமும் சுவரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல், சன்ன ஜல்லிக் கலவையை அடைத்து, ஒரு பாட்டிலின் வயிற்றால் உருட்டி உருட்டி வளைவாகத் தேய்த்தேன். தூம்பை நோக்கிப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் வைத்தேன். குழாய் மட்டத்தில் நான்கு முறை சரிபார்த்தேன்.

ஆடிக் காற்று எனக்குப் பிடிக்காத விருந்தாளி. சுண்ணாம்பு மெல்ல உலர வேண்டும், காற்றோ ஒரே நாளில் உலர்த்தப் பார்த்தது. ஈரச் சாக்கு விரித்து, சாக்கு பறக்காமல் செங்கல் வைத்து, நாளைக்கு மூன்று வேளை தெளித்து, இரண்டு வாரம் காவல் காத்தேன்.

கணக்கைப் பார்த்தால் சுண்ணாம்பு, செங்கல், கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்ந்து 3,280 ரூபாய்தான். கொத்தனாருக்கு 2,400, பிறகு தச்சு, குப்பை, இரும்புப் பீப்பாய் என்று மொத்தம் 14,680. முதல் பூச்சுக்குக் கொடுத்த தொகையைவிட 180 ரூபாய் அதிகம். என் கையில் தோல் உரிந்ததையும் தேங்காய் எண்ணெயையும் இதில் சேர்க்கவில்லை. முழங்கை வரை நீளும் கையுறை இல்லாமல் யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

மேலே தட்டோடு இன்னும் பதிக்கவில்லை. ஆடியிலேயே பதித்திருக்க வேண்டும்; 18 ஓடுகள் குறைகின்றன, அதே அளவில் எங்கும் கிடைக்கவில்லை. இடிக்கும் வீடுகளின் சாமான் விற்கும் இடம் ஒன்றில் எட்டு அங்குல ஓடுகள் காட்டினார்கள். என்னுடையவை ஒன்பது அங்குலம். இதற்கிடையில் வாசல் சுவரில் இடுப்பளவு ஏறியிருக்கும் ஈர ஓதத்தின் மேல் கவனம் போய்விட்டது. அங்கேயும் யாரோ ஒரு காலத்தில் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். அதன் மேல் விளிம்பை ஒட்டித்தான் உப்பு பூத்திருக்கிறது. தை மாதம் அதைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புக் காரை பூசலாம் என்று இரும்புப் பீப்பாயில் அடுத்த ஐம்பது கிலோவை நீற்றிவிட்டேன். அந்த 53 ஓடுகளும் மாடிப்படியின் கீழ் அடுக்கியபடியே இருக்கின்றன. நேற்று அவற்றுக்குப் பின்னால் பூனை குட்டி போட்டிருக்கிறது.