ரிச்சி மெக்காவ்: டேக்கிளுக்கு அடுத்த இரண்டு நொடி

நியூசிலாந்து ரக்பி வீரர் ரிச்சி மெக்காவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எண்களில்தான் ஆரம்பிக்கிறார்கள். 148 டெஸ்ட் (சர்வதேசப் போட்டி), அதில் 131 வெற்றி, 110 டெஸ்டில் கேப்டன், 2011, 2015 என அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பை. எல்லாம் சரிதான். ஆனால் களத்தில் அவர் செய்த வேலை என்ன என்று தெரியாமல் இந்த எண்களைப் பார்த்தால் பாதிதான் புரியும். அந்த வேலை நடந்தது கேமராவுக்குச் சரியாகச் சிக்காத இடத்தில்: பந்து வைத்திருப்பவர் கீழே விழுந்த அடுத்த இரண்டு நொடிக்குள், ஆட்கள் வந்து மொய்க்கும் இடத்தில்.

அவர் ஏழாம் எண், ஓப்பன்சைடு ஃப்ளாங்கர். ஸ்க்ரம்மில் (இரு அணியின் முன்வரிசையினரும் கோத்து நின்று முட்டும் அமைப்பு) திறந்தவெளி அதிகமுள்ள பக்கத்தில் ஓரமாகப் பிடித்திருப்பவர். பந்து வெளியே போனதும் முதலில் பிரிந்து ஓடி, அடுத்த டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) நடக்கும் இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர வேண்டும். அங்கே பந்தைப் பறிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. டேக்கிள் செய்திருந்தால் முதலில் கையை விட வேண்டும், விட்டது நடுவர் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். பிறகு எழுந்து கால் ஊன்றி நிற்க வேண்டும். இடுப்பை மடக்கி, தோளை இடுப்புக்குக் கீழே போகவிடாமல், கைகளை நேராகப் பந்தின் மேல் வைக்க வேண்டும். எதிரணிக்காரர்கள் வந்து இடித்துத் தள்ளும்போது அந்த ஒரு நொடி தாக்குப்பிடித்தால் போதும், விழுந்தவர் பந்தை விடாத குற்றத்துக்குப் பெனால்டி கிடைத்துவிடும்.

இது கெட்டுப்போகும் வழிகளும் அதிகம். முழங்கையோ முழங்காலோ தரையில் பட்டால் சொந்தக் காலில் நிற்கவில்லை என்று விசில். கை பந்துக்கு அப்பால் தரையில் ஊன்றிவிட்டு அப்புறம் பின்னால் வந்தால் அதற்கும் விசில். ரக் (தரையில் கிடக்கும் பந்தின் மேல் இரு அணியினரும் நின்று முட்டும் நிலை) உருவான பிறகு கையை நீட்டினால் பெனால்டி. பக்கவாட்டில் நுழைந்தாலும் அதே கதி. உங்கள் பாதியில் தரும் ஒவ்வொரு பெனால்டியும் எதிரணிக்கு மூன்று புள்ளியாக முடியலாம். அதனால் போகலாமா வேண்டாமா என்ற முடிவுதான் பாதித் திறமை. மெக்காவ் எல்லா ரக்குக்கும் போய் முட்டவில்லை. எதிரணிக்குத் துணை ஆள் வரத் தாமதமாகும் ரக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடே இல்லை. அவர் ஆடிய காலத்தில், டேக்கிள் செய்தவர் எழுந்து நின்றதும் எந்தப் பக்கத்திலிருந்தும் பந்தை எடுக்கலாம் என்று விதியே அனுமதித்தது. ரக் உருவாகவும் இரு அணியிலிருந்தும் ஆளுக்கு ஒருவராவது நின்று மோத வேண்டும். மெக்காவ் டேக்கிள் செய்து, துள்ளி எழுந்து, 'தப்பான' பக்கத்தில் நின்று பந்தைக் கிளப்பியது பல சமயம் சட்டப்படி சரியானதே. பிற்பாடு விதி மாறியது. டேக்கிள் செய்தவரும் தன் அணிப் பக்கமாகத்தான் வரவேண்டும், பந்தின் மேல் ஒருவர் நின்றாலே ஆஃப்சைடு கோடு (மற்றவர்கள் தாண்டி நிற்கக் கூடாத கோடு) உருவாகும் என்று ஆனது. இன்றைய விதியை மனதில் வைத்து அவருடைய பழைய வீடியோவைப் பார்ப்பவருக்கு எல்லாமே குற்றமாகத் தெரிவதில் வியப்பில்லை. அவர் எல்லை தாண்டியதே இல்லை என்று சொல்ல வரவில்லை. நடுவர் முதல் பத்து நிமிடத்தில் எதற்கு ஊதுகிறார், எதை விடுகிறார் என்று கணக்கு வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே ஆடினார். நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும்தான் என்பதால் அந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது.

பிறந்தது 1980 டிசம்பர் 31, நியூசிலாந்தின் ஒமாருவில். வளர்ந்தது ஹகட்டரமியா பள்ளத்தாக்குப் பண்ணையில், படித்தது டனீடனில். பிறகு கேன்டர்பரி, க்ரூசேடர்ஸ் அணிகள். 2001 நவம்பரில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட், அன்றே ஆட்ட நாயகன். அப்போதைய கேப்டன் டானா உமாகா ஓய்வு பெற்றதும் 2006இல் முழுநேரக் கேப்டன்.

அடுத்த வருடம் கார்டிஃப். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸிடம் 20–18 தோல்வி. பிரான்ஸின் கடைசி ட்ரைக்கு (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) முன் பந்து விதிக்கு மாறாக முன்னோக்கி வீசப்பட்டதை நடுவர் குழு கவனிக்கவில்லை என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது அதற்குப் பிந்தைய பத்து நிமிடம். இரண்டு புள்ளிதான் பின்னால், ஒரு டிராப் கோல் (பந்தைத் தரையில் துள்ளவிட்டுக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, மூன்று புள்ளி) போதும். அதற்கு நடுக்களத்துக்கு ஃபார்வர்டுகள் (ஸ்க்ரம்மில் முட்டும் ஆட்டக்காரர்கள்) பந்தைக் கொண்டுவர வேண்டும், உதைப்பவர் சில மீட்டர் பின்னால் தயாராக நிற்க வேண்டும், ரக்கிலிருந்து பந்தை எடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் நேராகப் பின்னால் வீச வேண்டும். ஆட்டத்தை நடத்தி உதைக்கும் ஃப்ளை-ஹாஃப்களான டான் கார்ட்டர், நிக் எவன்ஸ் இருவரும் காயத்தால் வெளியே. நெருக்கடியில் அந்த அமைப்பைக் கட்டச் சொல்ல ஆளில்லை. பெனால்டி வரும் என்று நம்பி முட்டிக்கொண்டே இருந்தார்கள், வரவில்லை.

கேப்டனையும் பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியையும் மாற்றச் சொல்லி நாடே கத்தியது. வாரியம் இருவரையும் வைத்துக்கொண்டது. மனநல மருத்துவர் கெரி எவன்ஸுடன் அணி வேலை செய்தது. பதற்றத்தில் மூளை சூடேறும் நிலைக்குச் 'சிவப்பு', தெளிவாக யோசிக்கும் நிலைக்கு 'நீலம்' என்று பெயர். சிவப்பிலிருந்து நீலத்துக்கு வர ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம். மெக்காவ் மூச்சை இழுத்து விட்டு, காலைத் தரையில் உதைத்து, பார்வையைத் தனக்கு வெளியே திருப்புவார். கேட்க எளிது, ஆனால் எண்பதாவது நிமிடத்தில் செய்ய வேண்டுமானால் பயிற்சியிலேயே பழகியிருக்க வேண்டும்.

2011இல் அது சோதனைக்கு வந்தது. வலது பாதத்தில் சுண்டுவிரல் பக்க எலும்பில் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் திருகாணி வைத்திருந்தார்கள், உலகக் கோப்பையின்போது அது மறுபடியும் பிரச்சினையானது. எக்ஸ்ரேயில் என்ன தெரியும் என்று அவருக்கே தெரிந்ததால் எடுக்கவே இல்லை. வாரத்தில் பெரும்பாலும் பயிற்சியில்லை, ஆட்ட நாளில் மட்டும் ஓட்டம். ஈடன் பார்க் இறுதிப் போட்டிக்குள் ஃப்ளை-ஹாஃப்கள் கார்ட்டரும் ஸ்லேடும் காயத்தால் போயிருந்தார்கள், இறுதியில் க்ரூடனும் வெளியேறினார். நான்காவது ஆளான ஸ்டீபன் டொனால்ட் உதைத்த பெனால்டியில் 8–0, பிரான்ஸ் ட்ரை போட்டு, அதற்குப் பிந்தைய உதையும் சேர்ந்து 8–7. ஒரு புள்ளி முன்னிலையில் பந்தைப் பறிக்கப் போவது பெரிய அபாயம், ஒரு விசில் போதும் கோப்பை போக. அந்த அரைமணி நேரத்தில் எதைச் செய்யாமல் இருந்தார்கள் என்பதுதான் ஆட்டத்தை வென்றது. கடைசியில் ஆண்டி எல்லிஸ் பந்தை வெளியே உதைத்து முடித்தார்.

2013இல் அரையாண்டு விடுப்பு எடுத்துத் திரும்பியவர், நவம்பரில் டப்ளினில் அயர்லாந்திடம் 22–17 பின்தங்கிய நிலையில் கடைசி நிமிடத்தில் சொந்தப் பாதியிலிருந்து அணியை நகர்த்தினார். யாரும் அவசரப்பட்டு உதைக்கவில்லை, ஒரு பந்தும் கைநழுவவில்லை. சக வீரர் க்ராட்டியின் ட்ரை, அதற்குப் பின் க்ரூடன் உதை, 24–22. அந்த ஆண்டு அணி ஆடிய 14 டெஸ்டிலும் வெற்றி. 2007க்குச் சரியான பதில் கோப்பையைவிட இந்த ஒரு நிமிடம் என்பேன்.

2015 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக, தரையில் கிடந்தபடி எதிராளிக்குக் கால் நீட்டி மஞ்சள் அட்டை வாங்கினார். தெளிவான தவறு. அக்டோபர் 31 அன்று ட்விக்கென்ஹாமில் ஆஸ்திரேலியாவை 34–17 வென்றது அவருடைய கடைசி ஆட்டம். நவம்பர் 19 அன்று ஓய்வை அறிவித்தார்.

முன்பே கிளைடர் ஓட்டப் பழகியவர், ஓய்வுக்குப் பிறகு கிரைஸ்ட்சர்ச்சில் ஹெலிகாப்டர் விமானியானார். 2016 நவம்பரில் கைக்கோரா நிலநடுக்கத்தில் சாலைகள் துண்டிக்கப்பட்டபோது நிவாரணப் பணிக்குப் பறந்தார். 148 என்ற எண்ணிக்கையை 2020இல் வேல்ஸின் ஆலன் வின் ஜோன்ஸ் கடந்தார், நியூசிலாந்துக்குள் 2023இல் சாம் வைட்லாக் கடந்தார்.