டார்ச்சுக்கு அப்புறம்தான் சொட்டு மருந்து

கண் மருத்துவ முதுநிலைப் பயிற்சியில் எனக்கு இரண்டாவது வருஷம். திங்கட்கிழமை ஓ.பி. என்றால் கண்புரைக்காரர்களின் வரிசை வாசல் தாண்டி நிற்கும். அந்தக் கூட்டத்தில் தையல் வேலை செய்யும் 28 வயதுப் பெண் ஒருவர் வந்தார். இடது கண் நான்கு நாளாக மங்கல். கண்ணை உருட்டினால் உள்ளே வலி. வழக்கம்போல இரண்டு கண்ணிலும் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு உட்காரச் சொன்னேன். அப்புறம் உள்ளே பார்த்தால் விழித்திரை சுத்தம், நரம்பின் முகப்பிலும் வீக்கமில்லை. மேடத்திடம் போய், "ஒண்ணும் தெரியலை மேடம்" என்றேன்.

"பாப்பா எப்படி இருந்தது?"

பார்க்கவில்லை. இப்போது இரண்டும் மருந்தில் விரிந்து கிடந்தன.

மேடம் திட்டவில்லை. மேசையிலிருந்த குப்பியின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினார். "வலதுல சிவப்பு மேடம். இடதுல பத்துத் தடவை துவைச்ச சிவப்பு" என்றார் அந்தப் பெண்.

சிவப்பு அப்படி வெளுத்தது பார்வை நரம்பு அழற்சியின் அறிகுறி. இந்த நோயில் மூன்றில் இரண்டு பேருக்கு வீக்கம் கண்ணுக்குப் பின்னால்தான் இருக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை டார்ச்சை வலது கண்ணில் அடித்தேன், இரண்டு பாப்பாவும் சுருங்கின. சட்டென்று இடதுக்கு மாற்றினால் சுருங்க வேண்டியது மெல்ல விரிந்தது. பழுதான நரம்பு வெளிச்சத்தைக் குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். ஐந்து ரூபாய்ச் செலவில்லாத சோதனை.

எம்.ஆர்.ஐ.யில் இடது நரம்பே பளிச்சென்று தெரிந்தது. நரம்பைச் சுற்றியுள்ள உறை மட்டும் அழற்சியாகியிருந்தால் ரயில் தண்டவாளம் மாதிரி இரட்டைக் கோடாகத் தெரியும். காசநோய், சிபிலிஸ் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 1 கிராம், மூன்று நாள் டிரிப்பில் ஏற்றினோம், பிறகு மாத்திரை.

"இது போட்டா முழுசா வந்துடுமா டாக்டர்?"

1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது இதுதான்: டிரிப் பார்வையைச் சீக்கிரம் மீட்கும், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே பார்வை. மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கோ நோய் அதிகமாகத் திரும்பியது. இரத்தத்தில் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் (நரம்பைக் கடுமையாகத் தாக்கும் வேறொரு நோயின் அடையாளம்) இருந்தால் கதை வேறு, காத்திருக்கவே முடியாது. அவருக்கு அது இல்லை. "பெரும்பாலும் வரும்மா, சீக்கிரம் வரத்தான் இந்த மருந்து" என்றேன்.

ஆறாவது வாரம் 6/9 படித்தார், முழுப் பார்வையான 6/6-க்குக் கொஞ்சம்தான் குறைவு. சிவப்பு? "இப்போ ரெண்டு தடவை துவைச்ச மாதிரி."

இப்போது எங்கள் ஓ.பி. சிஸ்டர் குப்பியைத் திறக்கும் முன் என்னையே கேட்பார்: "டார்ச் அடிச்சாச்சா டாக்டர்?"